கைக்குட்டை திருடிய சிறுவர்களைக்கூட பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது உண்மையா? அவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்?

உண்மைதான். அன்றைய லண்டனில் பட்டுக் கைக்குட்டைக்கு நல்ல விலை இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிக்கொள்ள ஆளும் இருந்தது. கூட்ட நெரிசலில் ஒருவரின் கோட்டுப் பையிலிருந்து அதை உருவ, சின்னக் கைகள்தான் தோது. 1808 வரை, இப்படி ஒரு ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பிக்பாக்கெட் அடித்தால் சட்டப்படி தூக்கு. ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் வழக்கே கிடையாது. 7 முதல் 14 வரை, தப்பு என்று தெரிந்தே செய்ததாக நிரூபித்துவிட்டால் பெரியவர்களுக்கு உள்ள அதே தண்டனைதான்.

எல்லோரையும் தூக்கில் போட நீதிபதிகளுக்கே மனம் வரவில்லை. அதற்கு மாற்றாக வந்ததுதான் நாடு கடத்தல். முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே விடுதலைப் போர் வெடித்ததும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன; ஓட்டத்துக்கு உதவாத பழைய கப்பல்களில் கைதிகளை அடைத்தார்கள். அப்புறம்தான் ஆஸ்திரேலியா. 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 பேர் போனார்கள்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஜான் ஹட்சன் என்ற பையனின் வழக்கு. 1783 டிசம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்தது. கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன்கள் திருடியதாகக் குற்றச்சாட்டு. அவன் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டுகிற பையன். அதனால் மேசை மேலெல்லாம் கரி படிந்த கால்விரல் தடங்கள். வீட்டுக்காரர் அந்தத் தடத்தை ஒரு காகிதத்தில் பதிந்து எடுத்து வைத்திருக்கிறார். நீதிமன்றத்தில் அவனிடம் கேட்டதும் அவன் சொன்னதும் ஏறக்குறைய இவ்வளவுதான்:

வயது என்ன? ஒன்பது நடக்கிறது.
என்ன தொழில் பழகினாய்? ஒன்றும் இல்லை, சில சமயம் புகைபோக்கி சுத்தம் செய்வேன்.
அப்பா அம்மா இருக்கிறார்களா? செத்துப் போயிட்டாங்க.
எவ்வளவு காலமாச்சு? தெரியாது.

பெற்றோர் எப்போது செத்தார்கள் என்றே தெரியாத பிள்ளை! நீதிபதி கல்நெஞ்சக்காரர் இல்லை. முடிந்தால் இப்படிப்பட்ட பையனை அழிவிலிருந்து பிடுங்கிக் காப்பாற்றத்தான் தோன்றும், விட்டால் பழைய வாழ்க்கைக்கே திரும்பிவிடுவான் என்று சொன்னார். அந்தக் காப்பாற்றலின் பெயர் ஏழு ஆண்டு நாடு கடத்தல். குழந்தைக்குப் போக்கிடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அரசு கையில் வைத்திருந்த போக்கிடம் கப்பல் ஒன்றுதான்.

போர் முடிந்த பிறகு பழைய அமெரிக்க வழியை மறுபடி முயன்று பார்த்தார்கள்; 1784இல் அங்கே புறப்பட்ட மெர்குரி என்ற கப்பலில் ஹட்சனை ஏற்றினார்கள். கைதிகள் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். தப்பியவர்களில் பலரைத் திரும்பப் பிடித்தார்கள்; ஹட்சனும் அகப்பட்டான். அதன் பிறகு பிளிமத்தில் நின்ற டன்கிர்க் என்ற சிறைக் கப்பல். 1787இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய முதல் கப்பல் தொகுதியில் அவனும் இருந்தான். சிட்னியில் இறங்கும்போது வயது பதின்மூன்று. அங்கிருந்து நார்ஃபோக் தீவு. 1791இல், இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே நின்றதற்காக அவனுக்கு ஐம்பது கசையடி கொடுத்தார்கள்.

பெண் பிள்ளைகளும் தப்பவில்லை. மேரி வேட், 14 வயதுத் தோழியோடு சேர்ந்து, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கவுனையும் தொப்பியையும் பிடுங்கிக்கொண்டாள். 1789இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அந்தச் சமயம் மனநோயிலிருந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தேறிவிட, தூக்குக்குக் காத்திருந்த பெண்களின் தண்டனையை நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். இல்லாவிட்டால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1859இல் அவர் இறந்தபோது பேரன், கொள்ளுப்பேரன் என்று முந்நூறுக்கு மேற்பட்ட வாரிசுகள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவர் வழிவந்தவர்.

பையன்களுக்கென்றே தனியாகக் கட்டிய சிறை வந்தது 1834இல். டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற கைதிக் குடியிருப்புக்கு எதிரே பாயின்ட் பியூர் என்ற முனை. 1849 வரை சுமார் மூவாயிரம் பையன்கள் அங்கே இருந்தார்கள். தச்சு, செருப்புத் தைத்தல், கல் செதுக்குதல், படகு கட்டுதல் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கொஞ்சம் எழுத்து, நிறைய பைபிள். தவறு செய்தால் தனியறை, பிரம்படி. போர்ட் ஆர்தரில் இன்று கூரையில்லாமல் நிற்கிற தேவாலயத்தை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அதன் கற்களைச் செதுக்கியதில் அந்தப் பையன்களுக்குப் பங்கு உண்டு. நான் போனபோது அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். உளி பட்ட தழும்புகள் விரலில் நன்றாகத் தட்டுப்படுகின்றன.

சரி, பிற்பாடு என்ன ஆனார்கள்? இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் மேரி ரீபி. ஆண் வேடத்தில் குதிரை திருடிப் பிடிபட்டு, 1792இல் சிட்னி வந்து இறங்கிய சிறுமி. கணவர் இறந்த பிறகு ஏழு பிள்ளைகளோடு கப்பல் வணிகத்தைக் கட்டி நடத்திப் பெரும் செல்வந்தரானார். ஆஸ்திரேலியாவின் இருபது டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம்தான். இதைக் காட்டி, "பார்த்தீர்களா, நாடு கடத்தியது அவர்களுக்கு நல்லதாகத்தான் முடிந்தது" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அது ரீபியின் திறமை. அதற்கான பாராட்டைத் தண்டனைக்குத் தரக்கூடாது. ஜான் காவினுக்கு என்ன பதில்? இங்கிலாந்தின் பார்க்ஹர்ஸ்ட் சிறுவர் சிறையிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தொழில் பழக என்று அனுப்பப்பட்டவன். எஜமானரின் மகனைக் கொன்ற குற்றத்துக்காக 1844இல் ஃப்ரீமாண்டிலில் அவனைத் தூக்கிலிட்டார்கள். வயது பதினைந்து.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. இந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிய மண் காலி மண் இல்லை. பாயின்ட் பியூர் உருவானது ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர் காலத்தில். டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளைத் துரத்திப் பிடித்து ஃப்ளிண்டர்ஸ் தீவில் கொண்டுபோய் வைத்ததும் அதே ஆளுநர் காலத்தில்தான்.

ஆர்வம் இருந்தால் ஓல்ட் பெய்லி வழக்குப் பதிவுகளை நீங்களே படிக்கலாம். 1674 முதல் 1913 வரை உள்ளவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜான் ஹட்சன் என்று பெயரையும் 1783 என்று ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள்; மொத்த வழக்கையும் படிக்கச் சில நிமிடங்கள் போதும்.