டரான்டுலா குளவி கொட்டிடுச்சு, பையனுக்கு ஆபத்தா டாக்டர்?

உங்க பையன் உடம்புக்குள்ள அந்தக் குளவி முட்டை வெச்சிருக்காதும்மா. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அவ்ளோ நீளமான கடிதத்துல கடைசி வரியில தயங்கித் தயங்கி நீங்க கேட்டிருக்கறதே அதைத்தான்.

அரிசோனாவுல இருக்கற டூசான்ல உங்க வீட்டுப் பின்பக்கம் நீங்க பார்த்த அந்த ஆரஞ்சு ரெக்கை, கருநீல உடம்புக் குளவிக்கு வேண்டியது டரான்டுலாங்கற பெரிய மயிர்ச் சிலந்தி மட்டும்தான். பொண்ணு குளவி சிலந்தியைக் கொட்டி அசைய முடியாம பண்ணி, குழிக்குள்ள இழுத்துட்டுப் போய், அது மேல ஒரே ஒரு முட்டை வெச்சு மண்ணைத் தள்ளி மூடிடும், பொரிஞ்சு வர்ற புழு அந்தச் சிலந்தி சீக்கிரம் செத்துடாம இருக்க முக்கியமான உறுப்பையெல்லாம் கடைசிக்கு விட்டுட்டுத் தின்னும். முட்டை கொடுக்கு வழியா வர்றதே இல்லை. உங்க பையன் கையில பிடிச்சான், அது தன்னைக் காப்பாத்திக்கக் கொட்டுச்சு, அவ்ளோதான். புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்கிடும்னு உங்க மாமியார் சொன்னதும் பழைய நம்பிக்கைதான், கூட்டுக்குள்ள போற புழு குளவிக்குஞ்சுக்கு சாப்பாடு.

அப்புறம் நெட்ல படிச்சது. ஜஸ்டின் ஷ்மிட்ங்கற பூச்சி ஆராய்ச்சியாளர் போட்ட வலி அளவுகோல்ல இந்தக் குளவிக்கு 4, அதுதான் உச்சம், நிஜம்தான். ஆனா அவர் அளந்தது வலியை, உயிராபத்தை இல்லை! பெரும்பாலும் 3-5 நிமிஷத்துல அந்தக் கொடூர வலி அடங்கிடும், உங்க பையனுக்கும் அப்படித்தான் அடங்கியிருக்கு. நாலு நாள் கழிச்சு விரல்ல லேசா சிவப்பு, அரிப்பு, அதெல்லாம் ஒன்னுமே இல்லை, ஐஸ் வைங்க போதும்.

எனக்குக் கோபம் வந்தது வேற இடத்துல. வீட்ல மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக்கை நீங்களே எடுத்துக் குடுத்திருக்கீங்க. எதுக்கும்மா? கொட்டினதுக்கு அது வேலையே செய்யாது, நாளைக்கு அந்த மருந்தால உடம்புல தடிப்பு வந்தா கொட்டினதாலயா மருந்தாலயான்னு எந்த டாக்டரும் குழம்புவார். இன்னிக்கே நிறுத்துங்க. விரல் வலி நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ பையனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

நீங்க மனசுல வெச்சுக்க வேண்டியது ஒரே விஷயம், குளவியோ தேனீயோ எது கொட்டினாலும், கொட்டின இடத்தை விட்டு வேற இடத்துல ஏதாவது நடக்குதான்னு பாருங்க. விரல்ல கொட்டி கை வீங்கினா பரவால்லை. விரல்ல கொட்டி உதடு, நாக்கு வீங்குது, வயித்துல முதுகுல தடிப்பு தடிப்பா வருது, குரல் கம்முது, மூச்சு இழுக்குது, திரும்பத் திரும்ப வாந்தி, தலை சுத்தி மயக்கம்னா யோசிக்காம 911-க்கு போன் பண்ணுங்க. இது பெரும்பாலும் சில நிமிஷத்துலயே ஆரம்பிச்சுடும். எபிபென், அதாவது கடுமையான அலர்ஜிக்குப் போடற அட்ரினலின் ஊசி, கையில இருந்தா தொடையில உடனே போடுங்க, அலர்ஜி மாத்திரையைக் குடுத்துட்டு பார்ப்போம்னு காத்திருக்காதீங்க, அந்த மாத்திரை மூச்சுக்குழாயைத் திறந்து விடாது. உங்க பையனுக்கு இதுல ஒன்னுகூட வரலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதனாலதான் தைரியமா சொல்றேன்.

இன்னொன்னு, கொட்டினா ஓட விடாதீங்க. வலியில கண்ணு மண்ணு தெரியாம ஓடி கள்ளிச்செடி மேல விழறதும் தலையில அடிபடறதும்தான் கொட்டினதை விட மோசம். ஷ்மிட் சொன்ன யோசனையே அப்படியே தரையில படுத்து நல்லா கத்துங்கங்கறதுதான், ஒரு டாக்டரா எனக்கும் அதான் சரின்னு படுது.

வாங்கி வெச்ச பூச்சி ஸ்ப்ரேயைத் திருப்பிக் குடுத்துடுங்க. இது கூட்டமா வந்து தாக்கற ஜாதி இல்லை, தனியா வாழறது, வளர்ந்த குளவி குடிக்கறது பூத்தேன், ஆண் குளவிக்குக் கொடுக்கே கிடையாது. பக்கத்து நியூ மெக்சிகோவுல பள்ளிப் பிள்ளைங்க ஓட்டுப் போட்டு 1989-ல இதையே அவங்க மாநிலப் பூச்சியாக்கிட்டாங்க. பையனை இன்னொரு நாள் பத்தடி தள்ளி நிக்க வெச்சு, தன்னை விடப் பல மடங்கு கனமான சிலந்தியை அது பின்பக்கமாவே நடந்து இழுத்துட்டுப் போறதைக் காட்டுங்க, கை மட்டும் நீட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க.