ஜோக்கை விடுங்கள், அந்த வீடியோவை ஏற்றாதீர்கள்

கேள்வி: எனக்குக் குடியாத்தம். வேலூரில் ஒரு கேபிள் சேனலில் ஆறு வருடமாக நேயர் விருப்பப் பாடல் நிகழ்ச்சி நடத்தினேன். போன மாதம் நேரலையில் பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் பேசினார். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை என்றார். "அதான் போன்லயே வாசனை தூக்குதா!" என்றேன். அவரே சிரித்தார். மறுநாள் அந்தத் துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. சேனலுக்கு வந்துகொண்டிருந்த நகைக்கடை விளம்பரம் நின்றுபோனது. முதலாளி போனிலேயே "இனிமே வராதே" என்றுவிட்டார். 2008-இல் பிரிட்டிஷ் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜொனாதன் ராஸ் ஒரு வயதான நடிகரின் போனில் ஆபாசமாகப் பேசிப் பதிவு செய்தபோதுகூட பிபிசி சம்பளமில்லாமல் 12 வாரம்தான் நிறுத்தி வைத்தது. மக்களுக்குப் பிடித்த ஒருவனை ஒரே ஒரு ஜோக்குக்காக நீக்கலாமா? வழக்குப் போட்டால் வேலை திரும்பக் கிடைக்குமா? என் பக்கத்தை விளக்கி 20 நிமிட வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யூடியூபில் போடப் போகிறேன். அதையும் ஒப்பந்தத்தையும் வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஒரு ஜோக்குக்காக நீக்கலாமா என்பது டீக்கடைக் கேள்வி. சத்துவாச்சாரி கோர்ட்டில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு வருட உழைப்பு, முதலாளியின் நன்றிகெட்டதனம், நேயர் சிரித்தது, இவற்றையும் ஒதுக்கி வையுங்கள். கோர்ட் பார்ப்பது ஒன்றைத்தான்: மாதாமாதம் நீங்கள் வாங்கிய 14,000 ரூபாய் சம்பளமா, கட்டணமா?

நீங்கள் அனுப்பிய 26ஏஎஸ்-இல் 194ஜே என்று, அதாவது தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவைப் போட்டு 10 சதவீதம் வரி பிடித்திருக்கிறார்கள். பி.எஃப். கிடையாது. ஒப்பந்தத்தில் "தொழில்முறைக் கட்டணம்" என்றே இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால் 'நான் தொழிலாளிதான்' என்று நிரூபிப்பதற்குள்ளேயே வருடங்கள் ஓடிவிடும். சிவில் கோர்ட்டோ இந்த மாதிரி ஒப்பந்தத்தில் ஆளைத் திரும்ப வேலைக்கு வைக்கச் சொல்லாது. குறித்த பரிகாரச் சட்டம் 14-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உங்களுக்கு ஒப்பந்தப்படி வரவேண்டியது 15 நாள் நோட்டீஸுக்கான பணம். ஏழாயிரம் ரூபாய். அவ்வளவுதான்.

அந்த ஏழாயிரத்துக்காக வழக்குப் போட்டீர்களானால் ஒப்பந்தத்தின் 7-ஆவது ஷரத்தை முதலாளி தூசி தட்டி எடுப்பார். நிகழ்ச்சியில் நீங்கள் பேசிய பேச்சால் சேனலுக்கு வரும் நஷ்டம், வழக்குச் செலவு எல்லாம் உங்கள் தலையில் என்கிறது அது. படிக்காமல்தானே கையெழுத்துப் போட்டீர்கள்? நகைக்கடை விளம்பரம் நின்றுபோனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகையைக் கேட்டு எதிர்க்கோரிக்கை வரும். பிபிசி உதாரணத்திலும் பாதியைத்தான் சொன்னீர்கள். அந்த விவகாரத்தில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பு விதித்த 1,50,000 பவுண்டு அபராதத்தைக் கட்டியது ராஸ் இல்லை, பிபிசி. இங்கே கேபிள் டிவி சட்டப்படி கலெக்டர் நினைத்தால் நிகழ்ச்சியையே நிறுத்தலாம். முதலாளி உங்களை வெட்டிவிட்டது அந்தப் பயத்தில்தான்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். எனக்குக் கவலை உங்கள் வீடியோ. முழுக்கப் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்தில், "அந்த வேலைய வழிவழியா செய்றவங்களுக்கே இது பெரிசில்ல" என்கிறீர்கள். 'வழிவழியா' என்ற அந்த ஒரு சொல் போதும், தம்பி. நேரலையில் நீங்கள் கிண்டலடித்தது ஒரு வேலையை. ஆம்பூர், பேரணாம்பட்டு டேனரிகளில் எல்லா சமூகத்தாரும்தான் வேலை செய்கிறார்கள். வீடியோவிலோ அதைப் பிறப்போடு முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். போனில் பேசிய நேயர் பட்டியல் சாதிக்காரராக இருந்தால், நம்ம ஊரில் பிசிஆர் கேஸ் என்கிறார்களே, அந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு இதுவரை இல்லாத சரக்கை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். சாதியைக் காரணமாக வைத்து அவமதித்தால்தான் அந்தச் சட்டத்தின் அவமதிப்புப் பிரிவு பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் கேரள யூடியூப் சேனல் ஆசிரியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு அந்தத் தீர்ப்பு உங்களுக்கு ஆதரவு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ ஏறிவிட்டால் அதே தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் பேசும். முகாந்திரம் இருந்தால் அந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது என்பது தெரிந்திருக்கும்.

இதே மாதிரி வக்கீலாக நான் வழக்கு நடத்திய கட்சிக்காரர் ஒருவர், மேடைப் பேச்சாளர், மாட்டினார். மேடையில் அடித்த ஜோக்குக்கு இரண்டு வாரம் ஒரு புகாரும் இல்லை. விளக்கம் சொல்கிறேன் என்று மொபைலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எஃப்.ஐ.ஆரில் ஜோக் ஒரு வரிதான், மீதி முழுக்க விளக்கம்.

போட்டுவிட்டுப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018-இல் பகிர்ந்த எஸ்.வி.சேகர் அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023-இல் வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

ஆகவே சமரசமாகப் போங்கள். வழக்கு இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். 7-ஆவது ஷரத்தின்படி எதுவும் கேட்க மாட்டோம் என்று அவர்கள் எழுதித் தரட்டும். காரணம் குறிப்பிடாத விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள், வேறு சேனலுக்குப் போக அதுதான் உதவும். வாய்வார்த்தை வேண்டாம், பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாயிரத்தைத் தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பேரணாம்பட்டு நேயரை நேரில் பார்த்து வருத்தம் தெரிவிப்பது உங்கள் விருப்பம். போனால் கேமரா இல்லாமல் போங்கள். 'ஆனால்' என்று ஒரு வாக்கியத்தைக்கூடத் தொடங்காதீர்கள். வீடியோவை நண்பர்களுக்கு ஃபார்வேர்ட் செய்திருந்தால் யார் யாருக்கு என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். அதில் ஒருவர் ஏற்றினாலும் எஃப்.ஐ.ஆரில் பெயர் உங்களுடையதுதான்.