தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இலையுதிர்காலம்: குடும்பத்தோடு எங்கே போகலாம்?

கே (பீனிக்ஸ்): மரங்கள் நிறம் மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் அண்ணா. டர்பனில் எங்கே பார்க்கலாம்?

ப: ஊருக்குள் தேடாதீர்கள். கடலோரத்தில் இரவுக் குளிர் போதாது. இந்த மண்ணின் மரங்களும் பெரும்பாலும் இலை உதிர்க்காதவை. நிறம் மாறுவதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட ஓக், பிளேன், லிக்விடம்பார் மரங்கள்தான். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை ஹில்டன், ஹோவிக், நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் போங்கள்.

ஹோவிக் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மேரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற மலையேற்றத்தில் சட்டென்று மூடுபனி சூழும், லாரிகள் ஊர்ந்து போகும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணிலேயே அடிக்கும்; லோ பீம் போட்டு, முன் வண்டிக்கு நிறைய இடைவெளி விடுங்கள்.

ஹோவிக்கின் 95 மீட்டர் அருவியை மேலே உள்ள காட்சி மேடையிலிருந்து பார்த்தால் போதும், பாறை ஓரத்துக்குப் போக வேண்டாம். பக்கத்திலேயே 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடம். அங்கே 50 எஃகுத் தூண்கள் நிற்கின்றன. 35 மீட்டர் தள்ளி, குறித்த இடத்தில் நின்றால் அவர் முகம் தெரியும். நாலடி விலகினால் வெறும் தூண்கள். முன்கூட்டிச் சொல்லிவிடாமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். மே மாதத்தில் ஐந்தேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும், மூன்றரைக்குத் திரும்பிவிடுங்கள்.

கே (சாட்ஸ்வொர்த்): கடலில் இன்னும் குளிக்கலாமா?

ப: தாராளமாக. ஏப்ரலிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அலை உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்டதும் கரையேற வேண்டும். கனமழை பெய்தால் ஆறுகள் கழிவை அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்க்கும், அதனால் சில நாள் பொறுங்கள். மாநகராட்சி எந்தக் கடற்கரையை மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

கே (டோங்காட்): பிரியாணி கட்டிக்கொண்டு போகலாமா அண்ணா?

ப: போகலாம், ஆனால் காலையில் சமைத்து மதியம் வெதுவெதுப்பாகச் சாப்பிடுவதுதான் ஆபத்து. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மசாலா வாசனையில் கெட்டது தெரியவும் தெரியாது. கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஹாட்பாக்ஸில் ஆவி பறக்கப் போட்டு மூடுங்கள். சூடு ஆறிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். தயிர்ப் பச்சடி ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். தூரப் பயணத்துக்கு என்னைக் கேட்டால் ரொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும்தான்.

குரங்குகள் இருக்கிற இடத்தில் பையைத் திறந்து வைக்காதீர்கள். ஒரு துண்டு கொடுத்தால் கூட்டமே வரும், குழந்தை கையிலிருந்து பிடுங்கும்.

கே (இசிப்பிங்கோ): புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில், பிறகு கடற்கரை. ஒரே நாளில் முடியுமா? அம்மா சக்கர நாற்காலியில்.

ப: வேண்டாம். கோயிலிலும் கூட்டம், கடற்கரையிலும் கூட்டம், அம்மாதான் களைத்துப்போவார். கோயிலோடு அன்றைய நாளை முடித்துக்கொண்டு, வேறொரு வாரநாளில் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். 1849இல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் இல்லை. அங்குள்ள வுட் சைகாட் என்ற, பனைபோல் தோன்றும் அரிய மரத்தை அவசியம் காட்டுங்கள். 1895இல் ஓங்கோயே (oNgoye) காட்டில் கண்டெடுத்த ஒற்றை ஆண் மரத்தின் வழிவந்தது. பெண் மரம் இதுவரை அகப்படவே இல்லை.

கே (மேரிட்ஸ்பர்க்): கிரான்ட்ஸ்க்ளூஃப் இயற்கைக் காப்பகத்தில் நடக்கப் போகிறோம். உண்ணி கடித்தால்?

ப: மெல்லிய முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். ஒரு வாரம் போல் கழித்துக் காய்ச்சல், தலைவலி, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். புல்லுக்குள் நடக்கும்போது பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். ஆற்றுநீரில் தோல் வழியே நுழையும் ஒட்டுண்ணியால் வரும் பில்ஹார்சியா நோய்ப் பயம் இருப்பதால் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள்.