ஒரே ஆள், இரண்டு பஞ்சம்

கேள்வி: வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தித் திட்டுவது சரியா? பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்து மக்களைக் காப்பாற்றிய ரிச்சர்ட் டெம்பிளைப் பற்றி நல்லதாக ஒரு வரிகூட நீங்கள் எழுதியதில்லையே? (ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: எழுதிவிட்டால் போயிற்று. 1874-ல் டெம்பிள் செய்தது நல்ல வேலை, மறுப்பே இல்லை. வைஸ்ராய் நார்த்புரூக்கின் ஆதரவோடு பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி வந்து இறங்கியது, நிவாரணம் கேட்டு வந்தவர்களை ரொம்பவும் துருவாமல் சேர்த்துக்கொண்டார்கள், பட்டினிச் சாவு அனேகமாக இல்லை என்கிற அளவுக்குத் தடுத்தும் விட்டார்கள். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டீர்களே, அதுதான் இடிக்கிறது. அரிசி மிஞ்சிப் போனதாம், பணத்தை வாரி இறைத்தாராம், அதற்காக மனிதரைக் காய்ச்சி எடுத்தார்கள்.

சூடு நன்றாகவே பட்டது போலிருக்கிறது. 1877 ஜனவரியில், டெல்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்து விருந்து வைத்த கையோடு, அடுத்து வைஸ்ராயாக வந்த லிட்டன் பிரபு இதே டெம்பிளைத்தான் செலவைக் குறைக்கச் சொல்லிச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அந்தப் பஞ்சம். வந்தவர் கூலியை வெட்டினார். நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கும், கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா; பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. (வீட்டில் அரைக் கிலோ அரிசிப் பொட்டலம் இருந்தால் ஒரு பிடி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பருப்பு, காய், உப்பு, புளி எல்லாம் அந்த ஓரணாவுக்குள், அதுவும் பஞ்ச காலத்து விலையில்.)

இது போதாது, வேலை செய்கிற உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியுமாவது வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுத்தில் மல்லுக்கு நின்றார். டெம்பிள் அசையவில்லை. மார்ச்சில் மாகாண அரசே கொஞ்சம் இறங்கி வந்து 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்புமாகக் கூட்டியது. அந்தப் பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் சுமார் 55 லட்சம் என்கிறது ஒரு மதிப்பீடு. வேறு கணக்குகள் இன்னும் மேலே போகின்றன. பழி முழுவதும் டெம்பிள் தலையில் இல்லை, சரி. தானிய ஏற்றுமதியை நிறுத்தாத லிட்டனுக்குத்தான் பெரிய பங்கு. ஆனால் எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாத ஆளா டெம்பிள்? மூன்றே வருஷம் முன்னால் செய்து காட்டியவர். தெரிந்தேதான் குறைத்தார், அந்த வருஷமே பம்பாய் கவர்னரும் ஆனார்.

நல்ல வார்த்தை எழுதியே ஆகவேண்டும் என்றால் கார்னிஷுக்கு எழுதுகிறேன். அவரும் வெள்ளைக்காரர்தான்.