பொய் முகவரியில் கிடைத்த ஆர்.டி.இ. இடம்: பள்ளி நோட்டீஸ் அனுப்பினால் என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். 2023 மே மாதம் எங்கள் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க, தனியார் பள்ளி ஒன்றில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தோம். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் குடியிருப்பது நான்கு கிலோமீட்டர் தள்ளி. பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் என் அண்ணனின் வீட்டு முகவரியில் ஒரு வாடகை அக்ரிமெண்ட் தயார் செய்து கொடுத்தோம். குலுக்கலில் இடம் கிடைத்தது. மகள் இப்போது முதல் வகுப்பு, ஆறு வயது முடிந்துவிட்டது. யாரோ புகார் கொடுத்ததாகச் சொல்லி, ஏழு நாளுக்குள் அசல் முகவரிச் சான்றுகளைக் காட்ட வேண்டும், தவறினால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்து மூன்று வருடக் கட்டணத்தை வசூலிப்போம், போலீஸுக்கும் போவோம் என்று பள்ளி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பழைய தேதி போட்டு இன்னொரு அக்ரிமெண்ட் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். செய்யலாமா? குழந்தையை வெளியே அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டா?

பதில்: இரண்டாவது அக்ரிமெண்ட் வேண்டவே வேண்டாம். உங்கள் கேள்வியில் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

பழைய தேதியிட்ட பத்திரம் பிடிபடுவது மிகச் சுலபம். முத்திரைத்தாளைத் திருப்பிப் பார்த்தால் விற்பனையாளரின் முத்திரை, வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் எல்லாம் இருக்கும். 2023-ல் எழுதியதாகச் சொல்லும் ஒப்பந்தத்துக்குப் பின்னால் போன மாதத் தேதி இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. தாள் பழையதாகவே கிடைத்தாலும், அந்த வீட்டில் உங்கள் அண்ணன் குடும்பம் குடியிருப்பதற்கு கேஸ் இணைப்பு, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை என்று சான்றுகள் வரிசையாக நிற்கும். உங்கள் ஆதாரில் முகவரி எந்தத் தேதியில் மாறியது, மாறவே இல்லையா என்பதும் ஆதார் புதுப்பிப்பு வரலாற்றில் தெரியும். 2023-ல் நடந்தது மகளுக்காக ஒருமுறை செய்த தவறு என்று அதிகாரி முன்னால் சொல்லி நிற்க இன்றைக்கு உங்களுக்கு இடம் இருக்கிறது. நோட்டீஸ் கையில் வந்த பிறகு புதிதாக ஒரு பொய்ப் பத்திரம் தயாரித்தால் அந்த இடம் போய்விடும். அதோடு, உங்கள் அண்ணனும் வீட்டுக்காரரும் வழக்கில் சேர்வார்கள்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரம். முதல் அக்ரிமெண்டில் வீட்டுக்காரரின் கையெழுத்தைப் போட்டது யார்? குற்றவியல் பக்கம் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

வீட்டுக்காரரே தெரிந்து கையெழுத்துப் போட்டிருந்தால், அதில் எழுதியது பொய்யாக இருந்தாலும் அந்தப் பத்திரம் சட்டப்படி ‘போலி ஆவணம்’ ஆகாது. தன் பெயரில் தானே எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் பொய்த் தகவல் இருப்பது மட்டுமே போலி ஆவணம் புனைவதாகாது என்பதை முகமது இப்ராஹிம் எதிர் பீகார் அரசு வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவருக்குத் தெரியாமல் அண்ணனோ, விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரரோ அவர் கையெழுத்தைப் போட்டிருந்தால் விஷயமே வேறு. அது நேரடியான போலி ஆவணக் குற்றம். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்பதால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தாது, பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் புனைந்தால் அதன் 468-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. போலி என்று தெரிந்தே பயன்படுத்துவதற்கு 471-வது பிரிவு.

முதல் வகைதான் என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஏமாற்றுதல், அதாவது 420-வது பிரிவு, தனியாக நிற்கிறது. ‘பள்ளி இடம் என்பது சொத்தா என்ன?’ என்று சிலர் வாதிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் பொய்த் தகவல் கொடுத்துத் தேர்வு எழுத அனுமதி வாங்கிய அபயானந்த் மிஸ்ரா வழக்கில், தேர்வு அனுமதிச் சீட்டும் சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லி, ஏமாற்ற முயன்ற குற்றத்துக்கான தண்டனையை உறுதி செய்தது. உங்கள் விஷயத்தில் அரசுப் பணமும் இருக்கிறது. ஆர்.டி.இ. குழந்தைக்கான கட்டணத்தை கல்வி உரிமைச் சட்டத்தின் 12(2) பிரிவின்படி அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. சில வருடம் ஓடிவிட்டதே, காலவரம்பு முடிந்திருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 420, 468 இரண்டுக்கும் காலவரம்பே கிடையாது. சிறு குற்றங்களுக்கு உண்டு, ஆனால் குற்றம் நடந்ததே தெரியாமல் இருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. புகார் போனாலும், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் முதலில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி விசாரணைக்கு அழைத்து நோட்டீஸ் தருவதே முறை. அந்த நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜரானால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. முன்ஜாமீன் கோர அதே சட்டத்தின் 482-வது பிரிவு இருக்கிறது. கையெழுத்து வீட்டுக்காரருடையது இல்லை என்றால், பள்ளிக்குப் பதில் அனுப்பும் முன்பே குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இனி குழந்தை. பள்ளி தன்னிஷ்டத்துக்கு அவளை வெளியே அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 5, 8 வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்த 2019 திருத்தம்கூட இந்த வரியைத் தொடவில்லை. இந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 6 முதல் 14 வயது வரை, தொடக்கக் கல்வி என்றால் 1 முதல் 8 வரை. உங்கள் மகள் இன்னும் யு.கே.ஜி.யில் இருந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்குமா என்பது விவாதத்துக்குரியதாகியிருக்கும். ஆறு வயது முடிந்து முதல் வகுப்பில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

பள்ளி என்ன பதில் சொல்லும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ‘நாங்கள் நீக்கவில்லை, மோசடியால் கிடைத்த சேர்க்கை தொடக்கத்திலேயே செல்லாது என்கிறோம்’ என்பார்கள். மோசடி எதையும் செல்லாததாக்கிவிடும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் செங்கல்வராய நாயுடு வழக்குத் தீர்ப்பைக் காட்டுவார்கள். வலுவான வாதம்தான். ஆனால் ஆர்.டி.இ. சேர்க்கையைப் பள்ளியே விசாரித்துப் பள்ளியே ரத்து செய்துகொள்ளும் அதிகாரத்தைக் கல்வி உரிமைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் தரவில்லை. முடிவெடுக்க வேண்டியது கல்வித்துறை. உங்கள் பக்கத்தைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை மகளைத் தினமும் பள்ளிக்கு அனுப்புங்கள். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தாலோ, மற்ற பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்தினாலோ அது 17-வது பிரிவு தடை செய்யும் மனரீதியான துன்புறுத்தல். தேதி, நேரத்தோடு குறித்து வைத்து கல்வித்துறை உதவி எண் 14417-இல் அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-இல் சொல்லுங்கள்.

நோட்டீஸுக்கு ஏழு நாளுக்குள் பதில் கொடுத்தே ஆக வேண்டும். நேரில் கொடுத்து நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சல். பதிலில் பொய் ஒரு வரியும் இருக்கக் கூடாது. அதேசமயம், ‘மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்கள், விட்டுவிடுகிறோம்’ என்று அலுவலக அறையில் உட்காரவைத்து எழுதி வாங்குவார்கள், அதையும் கொடுக்காதீர்கள். நாளை வழக்கு வந்தால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சியம் அந்தக் காகிதம்தான். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை அரசியலமைப்பின் 20(3) பிரிவில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கிறது. பதிலில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: புகாரின் நகல் வேண்டும், எந்த அதிகாரியின் உத்தரவின்படி இந்த நடவடிக்கை என்று தெரிவிக்க வேண்டும், அந்த முகவரிச் சான்றை இனி நாங்கள் ஆதாரமாகக் காட்டவில்லை, வருமானச் சான்றும் சாதிச் சான்றும் உண்மையானவை, கல்வித்துறை முடிவெடுக்கும்வரை, குறைந்தது இந்தக் கல்வியாண்டு முடியும்வரை குழந்தை தொடர அனுமதிக்க வேண்டும். வருமானம், சாதி பற்றிய வரி, அந்தச் சான்றுகள் உண்மையாக இருந்தால் மட்டும். வருமானச் சான்றையும் ஆண்டு வருமான வரம்பான இரண்டு லட்சத்துக்குள் வருவதற்காகக் குறைத்து வாங்கியிருந்தால் அந்த வரியைத் தொடாதீர்கள், வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள்.

அதே பதிலின் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்), ஒரு மனுவோடு அனுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவின்படி வரும் குறைதீர் மனுவை மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிக்க வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. நடுவில் பள்ளி கதவை மூடினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

மூன்று வருடக் கட்டணத்தைப் பொறுத்தவரை, அரசிடமிருந்து ஏற்கெனவே வாங்கிய தொகையை உங்களிடமும் பள்ளி வாங்க முடியாது. எந்தெந்த ஆண்டுக்கு அரசு பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். வராத ஆண்டுக்குக் கேட்டாலும் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையைத் தாண்டக் கூடாது. பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தவும் முடியாது. டி.சி. கட்டண வசூலுக்கான கருவி இல்லை, அதில் பாக்கி பற்றிய குறிப்பும் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளப் போராடுங்கள் என்று நான் ஆலோசனை தர மாட்டேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர் என்ற எல்லையைத் தமிழ்நாடு விதிகள் வைத்தது, பள்ளியைச் சுற்றியுள்ள ஏழைக் குழந்தை நடந்தே அங்கே போகட்டும் என்பதற்காக. அன்றைய குலுக்கலில் அந்த எல்லைக்குள் நிஜமாகவே குடியிருந்த ஒரு குழந்தையின் பெயர் வராமல் போயிருக்கலாம். புகார் கொடுத்தது அந்த வீடாகவும் இருக்கலாம். சட்டம் உங்கள் மகளுக்குத் தரும் பாதுகாப்பை, அவள் படிப்பு நடுவில் அறுபடாமல் இருக்கவும், வழக்கு வராமல் தீரவும் பயன்படுத்துங்கள். ஆண்டு முடிந்ததும் மாறிக்கொள்கிறோம் என்று நீங்களே முன்வந்தால், போலீஸ் புகார் வரை போகாமல் பேசி முடிக்க வாய்ப்பு அதிகம்.

மாறுவதற்கு இரண்டு வழி. அதே பள்ளியில் கட்டணம் செலுத்தும் மாணவியாகத் தொடர்வது ஒன்று. ஆட்டோ வருமானத்தில் எட்டாம் வகுப்பு வரை தாங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்றொன்று, வீட்டுக்கு அருகில் உள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளி. டி.சி. தாமதமானாலும் அங்கே சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் சிக்கல் வருவது வேறு இடத்தில். பழைய பள்ளி எமிஸ் தளத்தில் (மாணவர் விவரங்களுக்கான கல்வித்துறை இணையதளம்) குழந்தையின் பதிவை விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். அதை இழுத்தடித்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘இப்போதாவது பள்ளிக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டால் சரியாகிவிடுமா?’ என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. விண்ணப்பித்த நாளில் எங்கே குடியிருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. சேரும்போது உண்மையாகவே எல்லைக்குள் இருந்து, பிறகு வீடு மாறிய குடும்பங்கள் இதே காரணத்தால் பயப்படத் தேவையில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய வீட்டின் வாடகை ரசீதையும் கேஸ் பில்லையும் மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். பள்ளிக்கு அடுத்த தெருவிலேயே குடியிருப்பார்கள், வீட்டுக்காரர் வரிக்குப் பயந்து அக்ரிமெண்ட் போட்டுத் தர மாட்டார், கடைசியில் வேறு யாரோ ஒருவர் முகவரியில் பொய்ப் பத்திரம் தேடிப் போவார்கள். தேவையே இல்லை. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்பு, வங்கிப் புத்தகம் இவற்றில் ஏதாவது ஒன்றை நிஜ முகவரிக்கு மாற்றும் வேலையை, விண்ணப்பம் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே ஆரம்பித்தால் போதும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 எண்ணை அழையுங்கள், அல்லது உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு நாளைக்கே போங்கள். நோட்டீஸும் அது வந்த உறையும், 2023 விண்ணப்பத்தின் நகல், அந்த அக்ரிமெண்டின் நகல், வருமானச் சான்று, மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். அக்ரிமெண்டில் யார் கையெழுத்து என்ற உண்மையை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். வழக்கறிஞரிடம் சொல்வது ரகசியமாகவே இருக்கும்.