சாயங்காலம் 6, காலையில் 7.6

கேள்வி: மொட்டைமாடியில் குழாய் வைத்து, மண் இல்லாமல் பாலக்கீரையும் லெட்டூஸும் வளர்க்கிறேன். போர் தண்ணீர்தான். சாயங்காலம் ஆசிட் விட்டு பி.எச். அளவை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 6-க்குக் கொண்டுவந்தால், காலையில் 7.6 காட்டுகிறது. கொழுந்து இலைகள் மஞ்சளாக வருகின்றன. சத்து போதவில்லை என்று உரக் கரைசலைக் கூட்டினேன். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,300-க்குப் போய்விட்டது, மஞ்சள் போகவில்லை. என்ன செய்வது?
- வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் உரம் ஊற்றுவதை நிறுத்துங்கள் அம்மா. அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்தையோ மக்னீசியத்தையோ சந்தேகப்படலாம். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. தொட்டியில் இரும்பு இருக்கும், செடியால்தான் எடுக்க முடியாது. பல கரைசல்களில் இரும்பு இ.டி.டி.ஏ. வடிவில், அதாவது இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் ஒரு வேதிப்பொருளோடு சேர்ந்து இருக்கிறது. பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அது பிரிந்து கசடாகிவிடும். அதே மாதிரி இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்த டி.டி.பி.ஏ. இரும்பு 7 வரை தாங்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பி.எச். ஏன் ஏறுகிறது? போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும். ஆசிட் பட்டதும் அது கார்பன் டை ஆக்சைடாக மாறி, தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். அப்போது மீட்டர் 6 காட்டும். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடித் தண்ணீர் குழாயில் சலசலக்கும்போது, திறந்து வைத்த சோடாவில் காஸ் போவதுபோல அது வெளியேறிவிடும். மிச்சமுள்ள பைகார்பனேட் பி.எச். அளவை மறுபடி மேலே தள்ளும். அதனால் உங்கள் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

உரம் கலக்காத வெறும் போர் தண்ணீரில் டி.டி.எஸ். பாருங்கள். 700 காட்டினால், உங்கள் 1,300-ல் உரத்தின் பங்கு 600தான். உப்பையும் உரத்தையும் அந்த மீட்டர் பிரித்துச் சொல்லாது. எத்தனையோ பேர் இதைக் கவனிக்காமல் செடியை உப்பில் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

தொட்டியைக் காலி செய்துவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பாதி, போர் தண்ணீர் பாதி என்று நிரப்புங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். ஏ, பி என்று தனித்தனியாக வரும் உரக் கரைசல்களில், ஏ கரைசலை விட்டு நன்றாகக் கலக்கிய பிறகு பி கரைசல். இரண்டையும் நேராகச் சேர்த்தால் கால்சியம் வெள்ளைக் கசடாக அடியில் தங்கிவிடும். உரமே பி.எச். அளவைக் கொஞ்சம் இறக்கும் என்பதால் ஆசிட் கடைசியில்தான். பாஸ்பாரிக் ஆசிட்டைத் தண்ணீரில் நீர்த்து, சொட்டுச் சொட்டாக விட்டு 5.8-ல் நிறுத்துங்கள். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. எலுமிச்சைச் சாறு வேண்டாம், கிருமிகள் அதைத் தின்று தீர்த்ததும் பி.எச். ஏறிவிடும்.

அப்புறம் 6.3 வரை ஏறினால் தொடவே வேண்டாம். வெயில் நாளில் தொட்டி வற்றி டி.டி.எஸ். கூடினால், செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது என்று அர்த்தம். உரமில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

ஏற்கெனவே வெளுத்த இலை முழுசாகப் பச்சை திரும்பாமல் போகலாம். அடுத்து வரும் கொழுந்தைப் பார்த்து முடிவுக்கு வாருங்கள்.