கம்ப்யூட்டர் அண்ணாச்சி பதில்கள்: அப்பா அனுப்பிய மெயில்கள்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர். சென்னையில் ஒரு கம்பெனியில் 7 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு என் சொந்த லேப்டாப்பில்தான் வேலை பார்த்தேன். 3 வாரத்துக்கு முன் வேலையை விட்டேன். மாசக் கடைசி வரை மெயில் இருக்கும் என்றார்கள், ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே மூடிவிட்டார்கள். என் அப்பாவுக்கு போனில் டைப் செய்ய வராது. தாளில் கைப்பட எழுதி, சேரன்மகாதேவியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புவார். காலண்டர் அட்டைக்குப் பின்னால் நான் எழுதிக் கொடுத்த ஐடி அந்த ஆபீஸ் ஐடி ஒன்றுதான். போன ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். அவுட்லுக்கைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேன்சல் கொடுத்தால் பழைய மெயில்கள் தெரிகின்றன. அப்பாவுடையதில் கடைசி ஏழெட்டுதான் இருக்கிறது, அதற்கு முந்தியதைக் காணோம். கணக்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் சரியாகும் என்கிறாள் தோழி. செய்யலாமா?
ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: செய்யக் கூடாது தங்கச்சி. உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னேன்: வைஃபையை அணையுங்கள், அந்தக் கணக்கை நீக்காதீர்கள். மீதியை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆகும்.

கணக்கு மூடின பிறகும் மெயில் தெரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது? உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே இருந்துதான். ஆபீஸ் மெயிலை அவுட்லுக்கில் வைக்கும்போது சர்வரில் இருப்பதை அது ஒரு நகல் எடுத்து உங்கள் டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பின் பெயர் ஓ.எஸ்.டி என்று முடியும். பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸில் பதிவாகியிருக்க, நம் பீரோவில் ஒரு நகல் இருக்கிற மாதிரி. ஆனால் ஒரு சிக்கல். அந்த நகலைத் திறக்கிற சாவி, அவுட்லுக்கில் இருக்கிற உங்கள் கணக்கு அமைப்புதான். கணக்கை நீக்கினால் சாவி போய்விடும். கோப்பு டிஸ்க்கில் கிடந்தாலும் அவுட்லுக் அதைத் திறக்காது. திரும்பச் சேர்க்கலாம் என்றால், மூடிய கணக்கு எப்படி உள்ளே விடும்? என் கடைக்கு இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களில் பாதிப் பேர், பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வருகிறதே என்ற எரிச்சலில் கணக்கை நீக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

வைஃபையை ஏன் அணைக்கச் சொன்னேன்? சர்வர் எப்படி இருக்கிறதோ அப்படியே தன்னையும் மாற்றிக்கொள்வது அந்த நகலின் வேலை. அந்தப் பக்கம் யாராவது பெட்டியைக் காலி செய்து, இந்தப் பக்கம் இணைப்பும் கிடைத்துவிட்டால், இங்கேயும் காலியாகிவிடும்.

இனி வேலையைப் பார்ப்போம். அவுட்லுக்கை மூடிவிட்டு சி டிரைவைத் திறங்கள். யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்று வரிசையாக உள்ளே போக வேண்டும். ஆப்டேட்டா ஃபோல்டர் மறைந்திருக்கும். மேலே வியூ என்பதில் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்று இருப்பதை டிக் செய்தால் தெரியும். அங்கே உங்கள் ஆபீஸ் ஐடி பெயரிலேயே ஒரு பெரிய கோப்பு இருக்கும். அதை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். கட் கொடுத்துவிடாதீர்கள், காப்பி மட்டும். இது வேலை முடியும்வரை ஒரு காப்புக்காகத்தான், இதை வைத்து நேரடியாக எதையும் திறக்க முடியாது.

அப்புறம் நெட் இல்லாமலே அவுட்லுக்கைத் திறந்து, சென்ட் ரிசீவ் பகுதியில் வொர்க் ஆஃப்லைன் என்பதை அழுத்துங்கள். ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட் எக்ஸ்போர்ட் என்று போனால் 'எக்ஸ்போர்ட் டு எ ஃபைல்' வரும். அதில் அவுட்லுக் டேட்டா ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதை எடுப்பது என்று கேட்கும்போது உங்கள் சொந்த மெயில்கள் இருக்கிற ஃபோல்டரை மட்டும் காட்டி, சப்ஃபோல்டர்களையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பி.எஸ்.டி என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். இதற்குக் கணக்கு, சாவி எதுவும் வேண்டாம், எந்தக் கம்ப்யூட்டரில் அவுட்லுக் இருந்தாலும் திறக்கலாம். பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால் காலியாக விட்டு ஓகே கொடுங்கள். நாலு வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்?

முழுப் பெட்டியையும் எடுக்காதீர்கள் என்பதைக் கவனித்துச் சொல்கிறேன். கம்பெனியின் பில், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அவர்கள் சொத்து. நமக்கு வேண்டியது அப்பாவின் கடிதமும் உங்கள் சம்பளச் சீட்டும்தான். லேப்டாப் கம்பெனியுடையது என்றால் இதில் எதையும் நாமாகச் செய்யக் கூடாது, அவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

உங்களுக்கு மெயிலைவிட அதில் இணைத்திருக்கிற படம்தான் முக்கியம். அதனால் அந்த ஏழெட்டு மெயிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சேவ் ஆல் அட்டாச்மென்ட்ஸ் கொடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஸ்கேன் 1, ஸ்கேன் 2 என்றுதான் பெயர் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மெயிலுக்கும் அதன் தேதியையே பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் சேமியுங்கள். மெயிலில் இருக்கிற தேதிதான் அப்பா சேரன்மகாதேவிக்குப் போய் வந்த நாள். அதுவும் உங்களுக்கு வேண்டும்தானே?

முந்தியவை ஏன் இல்லை? அவுட்லுக் எல்லாவற்றையும் இறக்கி வைக்காது. பொதுவாகக் கடைசி 1 வருஷ மெயிலைத்தான் டிஸ்க்கில் வைக்கும், அதற்கு முந்தியதை சர்வரிலேயே விட்டுவிடும். கணக்கு அமைப்பில் அதற்கு ஒரு நகர்த்தும் பட்டை இருக்கிறது. முன்பே 'ஆல்' வரை தள்ளியிருந்தால் எல்லாம் இங்கேயே இருந்திருக்கும். இப்போது அதைத் தொடாதீர்கள், குறைத்துவிட்டால் இருப்பதும் போகும்.

ஆகவே பழையதற்கு இரண்டு வழி. ஒன்று கம்பெனி. மைக்ரோசாஃப்ட் 365 கணக்கை நீக்கினாலும் 30 நாளுக்குள் என்றால் அவர்களுடைய ஐ.டி ஆட்கள் அதைத் திரும்பக் கொண்டுவர முடியும். கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் 20 நாள். உள்நுழைவை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால் பெட்டி அப்படியே இருக்கும். கோபப்பட்டு எழுதாதீர்கள். எச்.ஆருக்கு நாலு வரி போதும்: "என் மறைந்த தந்தை இந்த முகவரிக்கு அனுப்பிய கடிதங்கள் மட்டும் வேண்டும். அனுப்பிய ஐடி இது. உங்கள் ஆளே தேடி எடுத்து என் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் போதும், எனக்குக் கணக்கைத் திறந்துவிட வேண்டாம்." இப்படிக் குறிப்பாகக் கேட்டால் யாருக்கும் மறுக்க மனசு வராது.

இன்னொரு வழி, எனக்கு நம்பிக்கை அதிகம் இதில்தான். ஒரு மெயில் போனால் அனுப்பியவர் பக்கமும் ஒரு நகல் இருக்கும். அப்பாவுக்கு ஐடி கிடையாது என்றால் அந்த பிரவுசிங் சென்டர்காரர் தன் ஐடியிலிருந்துதான் அனுப்பியிருப்பார். திருநெல்வேலி போகிற செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் காருக்குறிச்சிக்கு அடுத்து சேரன்மகாதேவி. போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள். அப்பாவின் படத்தைக் காட்டுங்கள். அவருடைய சென்ட் பெட்டியில் உங்கள் ஆபீஸ் ஐடியைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள், முதல் கடிதத்திலிருந்து வரிசையாக வரலாம். ஸ்கேன் செய்த படங்களும் அவருடைய மெஷினில் கிடக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்கேன் முடிந்ததும் தாளை அப்பா கையில்தான் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். பீரோவில், மஞ்சப்பையில், ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் ஒருமுறை பாருங்கள்.

கிடைத்ததை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் புகுந்த பிறகு, நனைந்த டிஸ்க்குகளோடு வந்தவர்களை நான் பார்த்தேன். ஒருவர் பேக்கப் எடுத்து வைத்திருந்தார், ஆனால் லேப்டாப் இருந்த அதே மேஜை டிராயரில்.

பி.எஃப், பேங்க், வருமான வரி இவற்றில் ஆபீஸ் ஐடியைக் கொடுத்திருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஓ.டி.பி அங்கே போனால் உங்களுக்கு வராது. சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று (படிவம் 16) கம்பெனி தரவேண்டியது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, நான் காற்றாலை கம்பெனியில் இருந்தபோது தண்டர்பேர்டில் மெயில் பார்த்தேன். லேப்டாப் செத்துவிட்டது, ஆபீஸ் ஐடியும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்ததில் இன்பாக்ஸ் என்று 3 ஜிபி கோப்பு இருக்கிறது. எதில் திறப்பது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே எம்.எஸ்.எஃப் என்று முடியும் சின்னக் கோப்பும் இருக்கிறது.
ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: தம்பி, உங்கள் வேலை சுலபம். அந்தப் பெரிய கோப்பில்தான் மெயில்கள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுத்து வடிவில் இருக்கின்றன, இணைப்புகளும் உள்ளேயே. பூட்டு எதுவும் கிடையாது. சின்னது வெறும் அட்டவணை, அதை விட்டுவிடுங்கள். புது கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டைப் போட்டு, ஹெல்ப்பில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துகொண்டு, தண்டர்பேர்டை மூடுங்கள். மெயில் என்ற ஃபோல்டருக்குள் லோக்கல் ஃபோல்டர்ஸ் இருக்கும். அதில் 3 ஜிபி கோப்பின் காப்பியை, இன்பாக்ஸ் என்றில்லாமல் வேறு பெயரில் போடுங்கள், பின்னால் எந்த எக்ஸ்டென்ஷனும் வேண்டாம். திரும்பத் திறந்தால் இடது பக்கம் அந்தப் பெயரில் ஃபோல்டர் வந்து நிற்கும். பெரிய கோப்பு என்பதால் முதல் தடவை கொஞ்ச நேரம் எடுக்கும். நடுவில் மூடாதீர்கள். பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாமல் எடுத்து வையுங்கள்.